காலாட்படையின் திறம்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999ஆம் ஆண்டு வெளிவந்த கணினிப் போர் விளையாட்டாகும். அதில் குதிரைப்படையை ஈட்டி வீரர் தடுப்பர். ஈட்டி வீரரை வில்லாளர் வீழ்த்துவர். வில்லாளரைக் குதிரைப்படை சிதறடிக்கும். எனவே, எதிரியின் படையை அறிந்து தன் படையை அமைப்பவரே வெல்வர்.

2000ஆம் ஆண்டில் ‘தி காங்கரர்ஸ்’ என்னும் விரிவாக்கம் வந்தது. அப்போது மூல விளையாட்டை நிறுவிய பின்னரே அதனைக் கணினியில் நிறுவ இயன்றது. அதில் ஆஸ்டெக், மாயா மக்கள் இடம்பெற்றனர். ஸ்பானியர் வருமுன் அவர்கள் குதிரையை அறியார். ஆதலால், விளையாட்டிலும் அவர்களுக்குக் குதிரைப்படை இல்லை. விரைந்தோடும் ‘கழுகு வீரர்’ என்னும் காலாட்படையினர் உண்டு. இல்லாததை எண்ணி வருந்தாது, இருப்பதைக் கொண்டு போரிடுவதே அவர்களை ஆடுவோர் கற்கும் பாடம்.

வினா: ஈட்டி வீரர் யாரைத் தடுப்பர்? யாரிடம் தோற்பர்?