இருவர் ஆடும் களம்: ரோகன் போபண்ணாவும் இணைக் கற்றலும்

"பக்கத்தில் இருப்பவருடன் சேர்ந்து செய்யுங்கள்" என்று நாம் சொன்னதும் பல வகுப்புகளில் ஒருவர் எழுதுவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். சேர்ந்து செய்வது என்றால் என்ன என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விளக்க, டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணாவின் கதையை நான் பயன்படுத்துகிறேன்.

1980இல் பிறந்த போபண்ணா கர்நாடகத்தின் குடகில் வளர்ந்தவர். 2003இல் தொழில்முறை வீரரானார். ஒற்றையர் பிரிவில் அவர் எட்டிய உயர்ந்த தரவரிசை 213. அத்தோடு கணக்கை முடித்திருந்தால் அவர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் அவரிடம் வலுவான சர்வீஸ் இருந்தது. இரட்டையர் ஆட்டத்தில் அது பெரிய பலம்.

2010இல் பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டி வரை சென்றார். 2017இல் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். அதே ஆண்டு சென்னை ஓப்பனை நம் ஜீவன் நெடுஞ்செழியனுடன் வென்றார். பிறகு ஐந்து மாதங்கள் ஒரு வெற்றிகூட இல்லாமல், ஆட்டத்தையே விட்டுவிட நினைத்த காலமும் வந்தது. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று, 43 வயதில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். இவ்வளவு வயதில் முதன்முறையாக அந்த இடத்தை எட்டியவர் வேறு எவருமில்லை.

இந்த ஆட்டம் நடக்கும் முறையில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. ஒற்றையர் களத்தின் அகலம் 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97 மீட்டர். ஒருவர் பின்னால் நின்று சர்வீஸ் போட, மற்றவர் பெரும்பாலும் வலையருகே நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால் கைச்சைகை காட்டித் தன் திட்டத்தைச் சொல்வார். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் இருவரும் பேசிக்கொள்வார்கள். சர்வீஸ் முறை வைத்து மாறும்.

இதைக் கணக்கு வகுப்பில் நான் இப்படிச் செய்கிறேன்:

1. வாக்கியக் கணக்கை ஒருவர் படித்து, கொடுக்கப்பட்டவற்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் வழிமுறையைத் தேர்ந்து எழுத வேண்டும்.
2. தொடங்குமுன் ஒரு நிமிடம் திட்டம் பேச வேண்டும்.
3. அடுத்த கணக்கில் பொறுப்புகள் மாறும்.
4. கணக்கு முடிந்ததும் எங்கே தடுமாறினோம் என்று பேச வேண்டும்.
5. கரும்பலகையில் விளக்க வேண்டியவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்வேன். ஆகவே இருவருமே தயாராக இருப்பார்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இதில் இழப்பு இல்லையா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. டென்னிஸில் இரட்டையர் தரவரிசையும் தனித்தனி வீரருக்கே கணக்கிடப்படுகிறது. அதுபோலத் தனித்தேர்வு தனியே நடக்கும். இணைச் செயல்பாடு அதற்கான பயிற்சி.

என் வகுப்பில் எழுத்துக் கூட்டியே படிக்கும் மாணவன் ஒருவன் மனக்கணக்கில் வேகமானவன். கணக்கைப் படித்துச் சொல்ல ஓர் இணை கிடைத்ததும் அவன் சரியான வழிமுறையைச் சொன்னான். தன் முறை வந்தபோது, நண்பன் காத்திருக்க, தானும் கூட்டிக் கூட்டிப் படித்தான். தனித்தேர்வுத் தாளை மட்டும் பார்த்தால் அவனுக்குக் கணக்கு வராது என்றே எழுதியிருப்போம். 213 என்ற எண்ணை மட்டும் பார்த்து போபண்ணாவை எடைபோடுவதும் அப்படித்தான்.

அடுத்த வாரம் ஒரு பாடவேளையில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் வகுப்பில் யார் புதிதாகப் பேசத் தொடங்குகிறார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.