ஏரிக்கரைப் பாதுகாப்பும் பராமரிப்பும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஏரிக்கரையைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சங்கத்தில் வாங்கும் பயிர்க் கடன் அறுவடையைக் கொண்டே தீர்க்கப்படுகிறது. அறுவடையோ ஏரித் தண்ணீரைப் பொறுத்தது. கரை உடைந்தால் ஆயக்கட்டு நிலங்களில் மணல் படியும். நிற்கும் பயிர் அழியும். அவ்வருஷம் பாய்ச்சுவதற்குத் தண்ணீரும் இராது. கடன் மாத்திரம் அப்படியே நிற்கும். ஆகையால் ஊர் ஏரியின் கரையே அங்கத்தினர் அனைவருக்கும் பொதுவான ஜாமீன் என்று சொல்வது மிகையாகாது.

நம் நாட்டு ஏரிகள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. மேல் ஏரி உடைந்தால் அந்நீர் முழுதும் கீழ் ஏரியின்மேல் பாயும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்கோடி ஜில்லாக்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி ஜில்லாவில் பல குளங்களின் கரைகள் உடைந்து ஊர்கள் நீரால் சூழப்பட்டன. இத்தகைய மழை அபூர்வமே. ஆனால் சாதாரண மழையிலும் கரைகள் உடைவதுண்டு. அவ்வுடைப்புக்கான குறிகளோ வெகுநாள் முன்னரே கண்ணுக்குத் தென்படக்கூடியவை. அக்குறிகளை அறிந்து, காலத்தில் பரிகாரம் செய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கரைமேல் நீர் வழிதல்

மண்கரை தன்மேல் நீர் வழிவதைத் தாங்காது. கரையில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ அவ்விடத்தில் நீர் முதலில் வழியும். வெளிச்சரிவின் மண்ணை அரித்து, மேல்நோக்கி வெட்டிக்கொண்டே வரும். சில நாழிகையில் அது பெரும் உடைப்பாகிவிடும். இதைத் தடுப்பதற்காகவே நம் முன்னோர் கலிங்கு கட்டினார்கள். கலிங்கின் மட்டத்திற்கும் கரையின் உச்சிக்கும் இடையே விடப்பட்ட உயரம் வீணான உயரமன்று. வெள்ளமும் அலையும் ஏறி இறங்குவதற்காக வைக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டை நாமே மூன்று வகையில் கெடுக்கிறோம். கலிங்கில் செடி கொடிகளையும் மண்ணையும் சேரவிடுகிறோம். அதன் கீழுள்ள வாரியை ஆக்கிரமித்துப் பயிரிடுகிறோம். வண்டிகளும் மாடுகளும் ஏறி இறங்கிக் கரையைப் பள்ளமாக்க விட்டுவிடுகிறோம். இவையன்றி, இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்கலாம் என்ற ஆசையால் சிலர் கலிங்கின்மேல் பலகையும் மணல் மூட்டையும் வைத்து அடைக்கிறார்கள். பழைய கலிங்குகள் பலவற்றில் நட்டுக்கல் வரிசை உண்டு. பருவமழை ஓய்ந்தபின் கற்களுக்கு இடையே மண்ணும் புல்லும் இட்டுக் கடைசி நீரைத் தேக்குவதற்கே அவை உதவும். மழைக்காலத்தில் அவ்வாறு அடைப்பது, கரையைத் தாழ்த்துவதற்குச் சமானம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் சவுத் போர்க் என்ற இடத்தில் 72 அடி உயரமுள்ள மண் அணை ஒன்று இருந்தது. அதைப் பின்னாளில் வாங்கிய ஓர் உல்லாச சங்கத்தார், வண்டிப் பாதைக்காக உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கம்பி வலை இட்டார்கள். அடியில் இருந்த குழாய்கள் முன்னமே எடுக்கப்பட்டிருந்தன. அவற்றை மறுபடியும் வைக்கவில்லை. 1889-ஆம் வருஷம் மே 31-ந் தேதி பெருமழையில் குப்பைகள் வலையில் அடைந்துகொள்ள, நீர் அணையின்மேல் வழிந்து அதை உடைத்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் சுற்றிலும் சுமார் 2,200 பேர் மாண்டனர். மீன் குத்தகைக்காகக் கலிங்கில் வலை கட்டும் ஊரார் இதைக் கவனிப்பார்களாக.

2. கரையினுள் நீர் ஊடுருவுதல்

நண்டு வளை, எலி வளை, கறையான் புற்று, மக்கிப்போன மரவேர், மதகின் சுவரையொட்டிய இடுக்கு ஆகியவை நீருக்கு வழியாகின்றன. கரையின் வெளிப்புற அடியில் சிறிது ஈரம் கசிவது பல ஏரிகளுக்கு இயல்பு. கசியும் நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாயும் அளவு மாறாமலும் இருந்தால் அடையாளக் குச்சி நட்டு நாள்தோறும் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தாலும், நாளுக்குநாள் பெருகினாலும், உள்ளே மண் அரிபடுகிறது என்று அறிந்து உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் டீட்டன் என்னும் பெரிய மண் அணை முதன்முறை நிரம்பிய சமயம், கீழே சில இடங்களில் தெளிந்த நீர் ஊறியது. 1976-ஆம் வருஷம் ஜூன் 5-ந் தேதி காலையில் கலங்கல் நீர் தோன்றியது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. கலங்கல் நீரைக் கண்டபின் நாளைக்குப் பார்ப்போம் என்று இருத்தல் கூடாது.

3. பருவந்தோறும் செய்ய வேண்டியவை

கோடையில்: ஏரி வற்றியிருக்கும்போதே பழுது பார்க்க வேண்டும். வளைகளையும் புற்றுகளையும் மேலே மாத்திரம் அடைக்காமல், அடிவரை தோண்டி நல்ல மண்ணால் நிரப்புக. கரையில் முளைத்த சீமைக் கருவேலையும் பிற மரக்கன்றுகளையும் இளமையிலேயே வேரோடு களைக. பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டுவிட்டால், வேர் மக்கி ஓட்டையாகும். அதைத் தோண்டி எடுத்துக் குழியைக் கெட்டிக்க வேண்டும். புது மண் இடுமுன் பழைய சரிவைப் படிபடியாக வெட்டிக்கொள்க. அரை அடிக்கு மிகாத அடுக்குகளாக மண்ணைப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாய்த் திமிசு போடுக. மணலும் தழையும் கலந்த மண் உதவாது. வண்டல் எடுப்போர் கரையின் அடியை ஒட்டித் தோண்டலாகாது. அடி தளர்ந்தால் சரிவு முழுதும் சரியும். வெளிச்சரிவில் அறுகம்புல் பதிப்பதும், உட்சரிவில் அலை தாங்கும் கற்கள் பெயர்ந்திருந்தால் திரும்பப் பாவுவதும் நலம்.

புரட்டாசியில்: ஐப்பசி மழைக்குமுன் கரை முழுதும் நடந்து பார்க்க வேண்டும். உச்சியில் தாழ்ந்த இடங்களை மட்டம் பார்த்து உயர்த்துக. கலிங்கையும் வாரியையும் சுத்தம் செய்க. மதகின் கதவு ஏறி இறங்குகிறதா என்று சோதிக்க.

மழைக்காலத்தில்: ஏரி நிரம்பியபின் இரவும் பகலும் இருவர் இருவராகக் காவல் வேண்டும். வெறுஞ் சாக்குகள், மணல் குவியல், மூங்கில், மண்வெட்டி, கூடை, விளக்கு ஆகியவற்றைச் சங்கத்தின் கிடங்கில் தயாராய் வைக்கலாம்.

4. ஆபத்து நேர்ந்தால்

கலங்கல் ஊற்றின் வாயைக் களிமண்ணால் அடைக்கலாகாது; நீர் வேறிடத்தில் பீறிக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே முதலில் மணல், அதன்மேல் சிறுகல், அதன்மேல் பெருங்கல் இடுக. நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். நீர்ப்பக்கத்தில் சுழி தென்பட்டால், கரையில் நின்றபடியே வைக்கோலும் களிமண் மூட்டைகளும் போட்டு அடைக்க முயலலாம். அங்கே நீரில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். அதிகாரிகளின் உத்தரவின்றிக் கரையை வெட்டலாகாது. எல்லாவற்றிற்கும் முன்னதாகக் கீழே வசிப்போருக்கும் கீழ் ஏரியின் ஊராருக்கும் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும்.

5. இது யாருடைய கடமை?

உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றொரு சபை குடவோலை முறையால் அமைக்கப்பட்டதைக் கூறுகின்றன. பின்னாளில் ஊரார் கூடி வேலை செய்யும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் வருஷச் சட்டம் அதைக் கட்டாயமாக்க முயன்றது. கட்டாயத்தால் கரை உயர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் இன்று 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. பெரிய மராமத்து அவர்களுடையது. ஆனால் நண்டு வளையை முதலில் காணக்கூடியவர் தினந்தோறும் கரைமேல் நடக்கும் குடியானவரே. அவர் கண்டதைச் சங்கம் ஒரு புத்தகத்தில் தேதியோடு எழுதி, உரியவருக்கு அறிவித்துவருமானால், பாதி ஆபத்து தொலையும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய கேள்விகள்

1. நமது ஏரிக்கரையில் மிகத் தாழ்ந்த இடம் எது? கலிங்கு மட்டத்திற்கு மேல் அது எத்தனை அடி?
2. கலிங்கிலிருந்து வாரி எங்கே போய்ச் சேருகிறது? வழியில் அடைப்பு உண்டா?
3. சென்ற மழையில் கசிவு கண்ட இடங்கள் எவை? இப்பொழுது அவை எவ்வாறு உள்ளன?
4. நள்ளிரவில் உடைப்பு நேருமானால், கீழூருக்குச் செய்தி கொண்டுபோகிறவர் யார்?