தலைநகரில் குடிநோய் மீட்சிக் கூட்டங்கள்

மதுவைச் சார்ந்தே வாழும் நிலைக்கு ஆளானோர் நம் நாட்டில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் என 2019-இல் வெளியான தேசிய ஆய்வொன்று கணக்கிட்டது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தின் போதை சார்பு சிகிச்சை மையம் இதனை நடத்தியது. இவர்களில் ஏதேனும் ஒருவகைச் சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவரே; உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இவ்வளவு பெரிய இடைவெளியை மருத்துவமனைப் படுக்கைகளைப் பெருக்கி மட்டும் நிரப்ப இயலாது. ஆகவே, குடிநோயாளிகள் தாமே கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் மீட்சிக் கூட்டங்கள் கவனத்துக்குரியவை ஆகின்றன.

இவற்றுள் முதன்மையானது, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குவணிகரும் ஒரு மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு ஆகும். இந்தியாவில் இது 1957-இல் வேரூன்றியது. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினர் தகுதி. கட்டணம் கிடையாது. வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது அமைப்பின் மரபாதலால், அரசு மானியத்துக்கும் அங்கு இடமில்லை. நிதி ஒதுக்கவோ பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கவோ வழியில்லாத இத்தகைய அமைப்பைக் கண்டு நம் அலுவலகங்கள் சற்றுத் திகைப்பது இயல்பே!

தில்லியில் இடர்ப்பாடு வேறுவகையானது. கூட்டங்கள் உண்டு, தமக்குப் பொருந்தும் கூட்டம் எது என்பதே கேள்வி. ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் வாழும் தமிழ் எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோப்புக் குறிப்பை ஆங்கிலத்திலும் கடைப்பேச்சை இந்தியிலும் அவர் சமாளித்துவிடுவார். ஆனால், மனைவியின் நகையை அடகு வைத்துக் குடித்த கதையைத் தாய்மொழியில் அன்றிச் சொல்ல அவருக்கு நா எழாது. 2020-க்குப் பின் இணையவழிக் கூட்டங்கள் பெருகியதால், தமிழில் நடைபெறும் கூட்டத்தில் இங்கிருந்தே கலந்துகொள்ள வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. எனினும், அருகிலுள்ள நேர்முகக் கூட்டமொன்றையும் அவர் விடாதிருத்தல் நன்று. நள்ளிரவில் மனம் தடுமாறும்போது கதவைத் தட்ட ஒரு மனிதர் வேண்டும்.

நேரமும் தொலைவும் சிறு விஷயங்கள் அல்ல. அலுவலகம் விட்டதும் மதுக்கடையை நாடிய கால்களுக்கு, அதே மாலை வேளையில் கூடும் கூட்டமே தக்கது. இரண்டு பேருந்து மாறிச் செல்லவேண்டிய கூட்டத்துக்கு ஜனவரிக் குளிரில் எத்தனை நாள் போவார்? பெண்களுக்கெனத் தனிக் கூட்டம் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியவை. திறந்த கூட்டங்களுக்குக் குடும்பத்தாரும் மாணவரும் செல்லலாம். இறைநம்பிக்கை சார்ந்த சொற்கள் உறுத்துவோர்க்கு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி போன்ற வேறு முறைகளும் உள்ளன. ஒரே நாளில் முடிவு செய்யாமல் நான்கைந்து கூட்டங்களுக்குச் சென்று பார்த்தபின் தேர்வதே முறை.

ஒரு எச்சரிக்கையும் இன்றியமையாதது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரக்கூடும், உயிருக்கே ஆபத்து. அத்தகையோர்க்கு முதலில் மருத்துவர், பிறகே கூட்டம். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

அரசு ஊழியரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அச்சம். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22-ஆம் விதி, பணிநேரத்தில் போதையில் இருப்பதைத் தடைசெய்கிறது. கூட்டத்துக்குச் சென்றால் செய்தி மேலிடத்துக்கு எட்டிவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். பெயரை வெளியிடாமையே இவ்வமைப்பின் அடித்தளம் என்பதையும், குடியை விட முயல்வது எவ்விதியையும் மீறுவதாகாது என்பதையும் அவருக்கு எடுத்துரைக்கும் கடமை நல அலுவலருக்கு உண்டு.

எடுத்துரைத்தால் மட்டும் போதுமா? 1981-இல் அமெரிக்காவில் வெளியான சிறு ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. இருபது பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் முகவரியும் ஊக்க மொழியும் மட்டுமே அளிக்கப்பட்டன. ஒருவரும் கூட்டத்துக்குச் செல்லவில்லை. மறு பிரிவினரின் முன்னிலையிலேயே ஆலோசகர் உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்தார், அந்த உறுப்பினர் உடன் அழைத்துச் செல்ல முன்வந்தார், அனைவரும் சென்றனர். எண்ணிக்கை சிறிதாயினும் விளைவு தெளிவானது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், இக்கூட்டங்களோடு முறையாக இணைக்கப்பட்டோர் முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் பிற உளவியல் சிகிச்சை பெற்றோரைவிட ஓரளவு முன்னிற்பதாகக் கண்டது.

எனவே, அமைச்சக நல அலுவலரும் குடியிருப்புகளின் பகுதி நல அலுவலரும் தம்மிடம் முகவரிப் பட்டியல் வைத்திருந்தால் போதாது. கூட்டங்களின் நேரம், மொழி ஆகியவற்றை ஆறு திங்களுக்கு ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். வருவோரை உடன் அழைத்துச் செல்ல இசையும் உறுப்பினர் இருவர் மூவரையேனும் அறிந்திருத்தல் வேண்டும். வந்தவர் நாற்காலியைவிட்டு எழுமுன் தொலைபேசி அழைப்பு முடிந்திருக்க வேண்டும். உடன் வந்த மனைவிக்கும் 1951-இல் குடும்பத்தாருக்கென உருவான அல்-அனான் கூட்டத்தின் விவரத்தை அப்போதே தெரிவித்துவிடலாம். கணவர் செல்ல மறுத்தாலும் அவர் தனியே செல்லத் தடையில்லை.