இது அதே வலிதானா? தாடை மூட்டைப் பார்க்கப் பழகும் பல் மருத்துவருக்கு

பி.டி.எஸ். முடித்து மதுரையிலோ, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமோ கிளினிக்கில் உட்காருபவருக்குப் பல் எடுப்பது கைக்கு வந்திருக்கும். தாடை மூட்டு வலி அப்படியில்லை. "காதுக்கு முன்னால வலிக்குது, வாயத் திறந்தா டொக்குங்குது" என்று ஒருவர் சொன்னதுமே எக்ஸ்ரே எழுதத் தோன்றும். கேட்டும் தொட்டும் பார்க்க வேண்டியதை முதலில் முடியுங்கள்.

அதற்கென்று உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் டிசி/டிஎம்டி, அதாவது தாடை மூட்டுக் கோளாறுகளுக்கான நோயறி விதிகள். 1992இல் ஆராய்ச்சிக்காக வகுத்ததைச் சோதித்துத் திருத்தி, 2014இல் கிளினிக்குக்கும் பொருந்தும்படி வெளியிட்டார்கள். அதில் உடம்புக் கோளாறு ஒரு பக்கம். மனச்சுமையும் வலியால் கெடும் அன்றாட வேலையும் இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பலர் தொடுவதேயில்லை. அது பெரிய குறை.

கடந்த 30 நாளில் வலி இருந்ததா, மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் அது மாறுகிறதா என்று கேளுங்கள். வலிக்கும் இடத்தை அவரே விரலால் காட்டட்டும். பிறகு கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் 1 கிலோ அழுத்தத்தில் 2 விநாடி அழுத்துங்கள். மூட்டின் வெளிமுனைக்கு அரைக் கிலோ போதும். 1 கிலோ எவ்வளவு என்று விரலுக்குத் தெரிய, சமையலறை டிஜிட்டல் தராசை அழுத்திப் பழகலாம். வலிக்கிறது என்றதும் நிறுத்திவிடாதீர்கள். "அக்கா, நீங்க சொன்ன அதே வலிதானா, இல்ல நான் அமுக்குறதால வலிக்குதா?" இந்தக் கேள்வியில்தான் நோயறிதலே இருக்கிறது. அழுத்தினால் நல்ல தசையும் வலிக்கும்.

எல்லா முடிவையும் ஒரே அளவு நம்பக் கூடாது. தசைவலி உள்ள 100 பேரில் 90 பேரை இந்த முறை பிடித்துவிடும். இல்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விலக்கிவிடும். மூட்டுவலியிலும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் விலகித் திரும்பும் மூட்டுத் தட்டைத் தொட்டுப் பார்த்து மட்டும் கண்டுபிடிப்பது 100க்கு 34தான். எலும்புத் தேய்மானத்துக்கு 55. உறுதி செய்யத் தட்டுக்கு எம்ஆர்ஐ, எலும்புக்கு சிடி. சிகிச்சை மாறும் என்றால் மட்டும் எழுதுங்கள்; உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவரின் காசு அது. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு மருத்துவம் வேண்டாம். அதற்காகப் பல்லை ராவுவது, என் கணிப்பில், தவறான வேலை.

வாய்த் திறப்பை அளக்கும்போது மேல்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மூட்டையே குற்றம் சொல்லாமல் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெளுத்து, நார்நாராகத் தட்டுப்பட்டு, காரம் பட்டால் எரிகிறது என்றால் பாக்கு, குட்கா பழக்கத்தைக் கேளுங்கள். அது சவ்வடி நார்த்திசு நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. கடைவாய் ஞானப்பல் சீழும் வாயைப் பூட்டும்.

இன்னும் இரண்டு பேரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. 50 வயது தாண்டி, புதிதாகப் பொட்டு வலி, மென்றுகொண்டே இருந்தால் தாடை சோர்கிறது என்பவரை அன்றைக்கே பொது மருத்துவரிடம் அனுப்புங்கள். பொட்டுத் தமனி அழற்சியாக இருந்தால் பார்வை போய்விடக்கூடும். படியேறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறது என்பவருக்கு உடனே ஈசிஜி.