கடலில் நிற்கும் வள்ளம் எங்கே?
ஜி.பி.எஸ். ட்ரக்கரைத் தெரிவு செய்தலும் பொறுப்போடு பாவித்தலும்

மாலையில் புறப்பட்ட வள்ளம் விடிந்தும் கரை சேரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ, நீரோட்டம் இழுத்துச் சென்றதோ தெரியாது. கைத்தொலைபேசிக்கும் பதில் இல்லை. தேடிப்போகப் பத்து வள்ளங்கள் ஆயத்தம். ஆனால் எந்தத் திசையில் போவது? கரையோரத்தில் வாழும் நமக்கு இக்காட்சி புதிதல்ல. இதற்கு வழியாகப் பலரும் இன்று ஜி.பி.எஸ். ட்ரக்கரைப் பற்றிப் பேசுகிறார்கள். கடற்றொழிலாளர் சங்கமொன்று அதை வாங்க எண்ணினால் எவற்றைச் சிந்திக்கவேண்டும் என இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கருவி செய்யும் இரண்டு வேலைகள்

ஜி.பி.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் உருவாக்கிய முறை. 1995 இல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரக் குறிப்புகளை ஓயாமல் அனுப்புகின்றன. குறைந்தது 4 செய்மதிகளின் குறிப்பைப் பெற்றதும் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. இன்று திறந்த வானத்தின் கீழ் சில மீற்றர் பிழையோடு இடத்தை அறியலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இச்செய்மதிகள் நம்மைப் பார்ப்பதில்லை. குறிப்பை அனுப்புவது மட்டுமே அவற்றின் வேலை. சாதாரண ஜி.பி.எஸ். கருவி வள்ளத்தில் இருப்பவருக்கே இடத்தைச் சொல்கிறது. ட்ரக்கரோ இரண்டாவது வேலை ஒன்றையும் செய்கிறது: அறிந்த இடத்தை வேறொருவருக்கு அறிவிக்கிறது. நன்மையும் ஆபத்தும் இந்த இரண்டாவது வேலையிலேயே உள்ளன.

2. வாங்குமுன் கேட்கவேண்டியவை

அ) செய்தி எவ்வழியாகக் கரைக்கு வரும்? மலிவான ட்ரக்கர்கள் சிம் அட்டையால் இயங்குபவை. மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் இவை போதும். கடலில் தொலைபேசிச் சமிக்ஞை முடியும் இடத்தோடு இவற்றின் பயனும் முடிந்துவிடும். ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குச் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி தேவை. அதன் விலையும் மாதக் கட்டணமும் அதிகம். திறப்புக் கோர்வையில் மாட்டும் சிறு புளூடூத் வில்லைகளில் பெரும்பாலானவை அருகிலுள்ள கைத்தொலைபேசிகளை நம்பியே இருப்பவை. கடலுக்கு அவை உதவா.

ஆ) பற்றரி எத்தனை நாள் தாங்கும்? நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பினால் பற்றரி விரைவில் இறங்கும். மணிக்கு ஒருமுறை என்றால் நீடிக்கும்.

இ) நீர் புகாதா? ஐ.பி. 67 என்ற குறி, 1 மீற்றர் நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையே காட்டும். உப்புநீரில் நாள்தோறும் நனைவதற்கு அது உத்தரவாதமாகாது.

ஈ) கடவுச்சொல்லை மாற்றலாமா? சுமார் 6 இலட்சம் ட்ரக்கர்கள் 123456 என்ற தொடக்கக் கடவுச்சொல்லோடே பாவனையில் இருந்ததை 2019 இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அப்படியானால் நமது வள்ளம் நிற்குமிடத்தைக் கள்வரும் பார்க்கலாம்.

3. யார் பார்க்கிறார்கள், எதற்காக?

ஐரோப்பிய ஒன்றியம் நமது மீனுக்கு விதித்த தடை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 2016 இல் நீங்கியது. பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தியது அதற்கு உதவிய நடவடிக்கைகளுள் ஒன்று. அது அரசின் சட்டப்படியான கண்காணிப்பு. சங்கமோ சம்மாட்டியோ தாமாகப் பொருத்தும் கருவி வேறு. அதற்குத் தொழிலாளரின் சம்மதம் வேண்டும்.

ஒரு சம்மாட்டி தொழிலாளருக்குச் சொல்லாமல் கருவியை மறைத்துவைக்கிறார் என்று கொள்வோம். “வள்ளம் என்னுடையது, பார்ப்பதில் என்ன பிழை?” என்பார். ஆனால் வள்ளத்தோடு மனிதரும் போகிறார்கள். மீன் படும் இடங்களை அறிவது அவர்கள் பல வருடம் உழைத்துத் தேடிய அறிவு. பயணத் தடத்தைப் பார்ப்பவர் அந்த அறிவைக் கேளாமலே எடுத்துக்கொள்கிறார். உண்மை தெரியவரும் நாளில் நம்பிக்கை உடையும். அதன்பின் கருவியைக் கழற்றி வீசுவார்கள்; ஆபத்து வரும்போது அது அங்கே இராது. மனைவியின் பைக்குள்ளோ மகளின் சைக்கிளிலோ ஒளித்துவைக்கும் கருவிக்கும் இது பொருந்தும். அது பாதுகாப்பு அல்ல, வேவு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரை இனங்காட்டும் விபரங்களுள் அவர் இருக்குமிடத்தைச் சேர்த்துள்ளது.

ஆகவே கருவி வாங்குமுன் கூட்டம் கூடி எழுத்தில் தீர்மானிப்போம்: இடத்தைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு? எத்தனை மணிநேரம் தாமதித்தால் பார்ப்பது? பழைய தடங்களை எப்போது அழிப்பது? செய்தி நின்றால் கடற்படைக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் அறிவிப்பவர் யார்? திரையைப் பார்க்க ஆளில்லாத கருவி எவரையும் காப்பாற்றாது. உயிர்காப்பு அங்கியையும் றேடியோவையும் கரையில் விட்டுச் செல்ல அது சாட்டும் ஆகாது.

குழுவில் கலந்துரையாட

1. நமது ஊர் வள்ளங்கள் போகும் தூரத்துக்குத் தொலைபேசிச் சமிக்ஞை எட்டுகிறதா?
2. தேவை திருட்டைத் தடுப்பதா, உயிரைக் காப்பதா? இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா?
3. வள்ளத்தில் போகிறவர்கள் “வேண்டாம்” என்றால் அவர்களது அச்சம் என்ன என்று கேட்க நாம் ஆயத்தமா?