போதனைக் கருவிகளை ஆக்கலும் அளித்தலும்

நம் கல்லூரியிற் பயின்று சென்றோருள் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் பலர். இப்பொழுது பயில்வோருள்ளும் சிலர் அவ்வழியே செல்வர். அவர்கட்குப் பயன்படுமென்று கருதி, உபாத்தியாயர் தம் கையாற் செய்துகொள்ளத்தக்க போதனைக் கருவிகளைப் பற்றியும், அவற்றைப் பிற உபாத்தியாயருக்கு அளிக்கும் முறையைப் பற்றியும் சில கூறப் புகுகின்றேன்.

கருவி என்றவுடன், கண்ணாடி அலமாரியிற் பூட்டிவைத்த விலையுயர்ந்த பொருள்களே பலருக்கு நினைவில் தோன்றும். உடைந்தால் யார் பொறுப்பு என்னும் அச்சத்தால் அவை மாணாக்கர் கைபடாமலே பழமையடைவதுண்டு. மாணாக்கன் தொடாத கருவி கருவியன்று, காட்சிப்பொருளே. ஈர்க்கு, புளியங்கொட்டை, கொட்டாங்கச்சி, நூல், மணல் முதலியனவோ தொலைந்தாலும் வருந்துவாரில்லை. ஆதலின் அவற்றைப் பிள்ளைகள் அஞ்சாமற் கையாளுவர். இதுவே அவற்றின் முதற் சிறப்பு.

ஓர் உதாரணம் காண்போம். 302-இல் 148-ஐக் கழிக்குமாறு சொன்னால், சிறுவர் சிலர் 246 என்று விடை எழுதுவர். 2-இல் 8 போகாதெனக் கண்டு, 8-இல் 2-ஐக் கழித்து 6 என்றும், 4-இல் 0 போக 4 என்றும், 3-இல் 1 போக 2 என்றும் கொண்டதால் வந்த பிழை இது. அச்சிறுவன் கழித்தலை அறியாதவனல்லன். எண்ணின் இடமதிப்பைக் கண்ணாற் காணாதவன்.

அவனுக்கு வேண்டிய கருவி விளக்குமாற்றிலேயே உள்ளது. ஈர்க்குகளை விரல் நீளமாக நறுக்கிப் பத்துப் பத்தாக வெள்ளை நூலாற் கட்டுக. அத்தகைய பத்துக் கட்டுகளைச் சேர்த்துச் சிவப்பு நூலால் ஒரு பெருங்கட்டாக்குக. 302 என்பது மூன்று பெருங்கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் ஆம். ‘எட்டு ஈர்க்குத் தா’ என்று கேட்டால், சிறுவன் கையில் இரண்டே உள்ளன. சிறு கட்டு ஒன்றுமில்லை. ஆகவே ஒரு பெருங்கட்டை அவிழ்ப்பான். பத்துச் சிறு கட்டுகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றை அவிழ்ப்பான்; பத்து ஈர்க்குகள் கிடைக்கும். இப்பொழுது பெருங்கட்டு 2, சிறு கட்டு 9, தனி ஈர்க்கு 12. இவற்றினின்று முறையே 1, 4, 8 போக எஞ்சுவது 154. பூச்சியத்தின் இடத்தில் ஒன்பது எங்கிருந்து வந்ததென்பதை அவன் கையே அவனுக்குக் கற்பித்துவிடுகிறது.

இதனை ‘கடன் வாங்குதல்’ என்று நாம் வழங்குகிறோம். ‘வாங்கிய கடனை எப்பொழுது திருப்பிக் கொடுப்போம்?’ என்று ஒரு சிறுமி என்னை வினவியபோது விடை கூற அறியாது நின்றேன். ஈர்க்குக்கட்டை அவிழ்த்துப் பார்த்தபின், ‘இது கடனன்று, நம் கட்டையே அவிழ்த்தோம்’ என்று அவளே கூறினாள்.

இக்கருவி என் ஆக்கமன்று. நான் முதலிற் பணியேற்ற பள்ளியில், ஓய்வுபெற்றுச் சென்ற முதிய உபாத்தியாயர் ஒருவர் விட்டுச்சென்ற தகரப்பெட்டி இருந்தது. அதனுள் இருநிற நூலாற் கட்டிய ஈர்க்குகளும், துளையிட்ட புளியங்கொட்டைகளும், கோடுகள் வரைந்த அட்டைத் துண்டுகளும் இருந்தன. எழுத்து ஒன்றும் இல்லை. குப்பையென்று எண்ணி அவற்றை எறியச் செய்தேன். ஈராண்டு கழித்து, அவரிடம் பயின்ற ஒருவர் வாயிலாக ஈர்க்குக்கட்டின் பயனை அறிந்தேன். அதற்குள் அப்பெரியவர் காலஞ்சென்றுவிட்டார். புளியங்கொட்டைகளும் அட்டைகளும் எதற்கென்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. ஓர் ஆயுட்காலத்து அனுபவத்தை ஒரு நாட்காலையில் குப்பையில் இட்டேன். பிழை என்னுடையதே, எனினும் பெட்டியினுள் ஒரு தாள் எழுதி வைத்திருப்பின் அது நேர்ந்திராது.

எழுதிவைத்தலின் வலிமைக்கு நம் சென்னையே சான்று. ஸ்காத்லாந்து தேசத்தவராகிய ஆண்ட்ரூ பெல் என்பார் 1789-இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குத் தலைவரானார். நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துக்கள் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உடனிருந்த ஆசிரியர் இசையாமையால், சிறுவன் ஒருவனையே இளம்பிள்ளைகட்குப் போதகனாக்கினார். தாம் கண்டதையும் செய்ததையும் எழுதி 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு பரவியது. அவர் விட்டுச்சென்ற பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த கல்விச்சாலை மதராஸ் கல்லூரி என்றே வழங்குகின்றது. மணலில் எழுதுதல் நம் திண்ணைப் பள்ளிகளில் எவரும் அறிந்ததொன்று. அதனைக் கடல் கடக்கச் செய்தது ஒரு சிறு நூலே.

இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் பல நாடுகளில் அழிந்தன. சோதனைச் சாலைகளை இழந்த அவ்விடத்து ஆசிரியர்க்கென, எளிய பொருள்களாற் கருவி செய்யும் வழிகளைக் கூறும் கையேடொன்றை யுனெஸ்கோ ஸ்தாபனம் 1948-இல் வெளியிட்டது. ஜே. பி. ஸ்டீபன்சன் என்னும் ஆங்கில ஆசிரியர் அதனை இயற்றினார். அதுவே வித்தாக, 1956-இல் விஞ்ஞான போதனைக்குரிய பெருநூல் ஒன்று தோன்றிப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. நம் நாட்டில் அரவிந்த குப்தா என்பார் தீக்குச்சிகளையும் மிதிவண்டியின் வால்வுக் குழாயையும் கொண்டு கணித உருவங்கள் செய்யும் வழியை எழுதினார். அவர் தம் நூல்களை விலையின்றி எவரும் பெறுமாறு இணையத்தில் வைத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது.

இனி, கருவியைப் பிறர்க்கு அளிப்போர் அதனோடு எழுதியளிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, எப்பிழையை நீக்க அக்கருவி எழுந்தது என்பது. ‘கழித்தற் கருவி’ என்றால் போதாது. ‘302-இல் 148 போக 246 என்பானுக்கு’ என்று எழுதுக. இரண்டாவது, பொருள்களும் அவற்றின் அளவும் செய்முறையும். மூன்றாவது, அது தவறும் இடம். நூலிற் கல்லைக் கட்டி ஊசலாட்டி, கல்லின் கனம் மாறினாலும் ஆட்டத்தின் காலம் மாறாதென்று காட்ட முயல்வோர் உண்டு. பெரிய கல்லைக் கட்டியவுடன் காலம் சிறிது கூடும், மாணாக்கர் நகைப்பர். ஊசலின் நீளத்தை நூலின் முனைவரை அன்று, கல்லின் நடுவரை அளத்தல் வேண்டும். பெரிய கல்லின் நடு தாழ்ந்திருப்பதால் நூலை அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும். நாம் இடறிய கல்லைச் சுட்டிக்காட்டாமற் பிறரை அவ்வழியே அனுப்புதல் நட்பாகாது. நான்காவது, அதனை யாரிடம் கற்றோம் என்பது. பிறர் யுக்தியைத் தமதென்று காட்டினால், அடுத்த முறை தம் கருவியைக் கொடுக்க முன்வருவார் எவர்?

பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. பெற்றதை வகுப்பிற் பயன்படுத்திய பின், என்ன விளைந்ததென்று அளித்தவர்க்கு அறிவித்தல் வேண்டும். விளையாத செய்தியும் பயனுடையதே; கருவி திருந்துவது அதனாலன்றோ?

பொருட்செல்வத்தைப் பகிர்ந்தால் நமக்குள்ள பங்கு குறையும். போதனைக் கருவியோ பத்துப் பேரிடம் சென்றால், பத்துத் திருத்தங்களோடு நம்மிடம் மீளும். ஆதலின் ஆசிரிய நண்பர்களே, இன்றே உங்கள் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு பொருளோடும் ஒரு தாள் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருவார் அதனைக் குப்பையென்று எறியாதிருப்பாராக.