குற்றவாளி காஸ்கெட்டா?

காட்டுப் பாதையிலும் மலைச் சரிவிலும் ஓடிப் பழகிய பழைய வண்டி நின்றுவிட்டால், ‘ஹெட் காஸ்கெட் போய்விட்டது’ என்று மெக்கானிக் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருக்கலாம். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால், அது ஏன் போயிற்று என்று கேட்பவர் சிலரே. பௌதிக மாணவன் என்ற முறையில் அந்த ‘ஏன்’ என்பதை இங்கு விளக்க முயல்கிறேன்.

இஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக். அதன்மேல் மூடிபோல் அமைவது ஹெட். இரண்டிற்கும் இடையிலுள்ள மெல்லிய தகடே காஸ்கெட். எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் கடமை.

லாண்ட் ரோவர் டிஸ்கவரி, டிபெண்டர் வண்டிகளில் 1994-இல் வந்த 300 டிடிஐ என்னும் டீசல் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அரை மீட்டர் நீளமுள்ள இரு துண்டுகளை 20 டிகிரியிலிருந்து 90 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால், இரும்பு சுமார் 0.4 மில்லிமீட்டரும் அலுமினியம் 0.8 மில்லிமீட்டரும் நீளும். இந்த இழுபறியைக் காஸ்கெட் நாள்தோறும் தாங்குகிறது. சூடு அளவு மீறினாலோ, போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஹெட் தாராளமாக விரிய வழியின்றி வளைந்துவிடும். அதன்பின் காஸ்கெட் என்ன செய்யும்?

சூடு மீறுவதன் காரணம் பல வேளைகளில் அற்பமானது. நைந்த ரப்பர்க் குழாய், கசியும் நீர்ப் பம்பு, இந்த இஞ்சினிலுள்ள பிளாஸ்டிக் அடைப்பான் ஆகியவற்றில் ஒன்று போதும். மேடேறும்போது இஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வண்டியோ நடைவேகத்தில் ஊர்வதால் ரேடியேட்டருக்குக் காற்றுக் குறைவு. சேறும் அடைத்துக்கொண்டால் கேட்க வேண்டியதில்லை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வெப்பமானியின் உணர்முனை நீரின் சூட்டை அளப்பது. நீர் வற்றிவிட்டால், இஞ்சின் கொதிக்கும்போதும் முள் அமைதியாகவே நிற்கக்கூடும். ஆகவே, முள்ளை நம்பி நீரைப் பார்க்காமலிருப்பது தவறு.

வெளியே சொட்டாமல் நீர் குறைதல், இஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் இடைவிடாது குமிழி எழுதல், எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் மாறுதல் ஆகியவை அறிகுறிகள். ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டரின் வாயில் எழும் ஆவியைப் புரோமோதைமால் நீலக் கரைசல் வழியே செலுத்தினால், எரிவாயுவின் கரியமில வாயு கலந்திருக்குமாயின் நீலம் மஞ்சளாகும். நம் ரசாயனச் சாலையில் காணும் அதே நிறமாற்றந்தான்.

பழுது பார்க்கையில் ஹெட்டின் சமதளத்தை அளக்க வேண்டும். இந்த இஞ்சினுக்குக் காஸ்கெட் மூன்று தடிப்புகளில் உண்டு. பிஸ்டன் பிளாக்கிற்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று பார்த்தே தகுந்ததைத் தேர்வர். தகட்டிலுள்ள துளைகளின் எண்ணிக்கையே அடையாளம். இவற்றையெல்லாம் செய்தும் பழைய கசிவை விட்டுவைத்தால், புதுக் காஸ்கெட்டும் அதே கதியை அடையும்.

மலைப்பயணம் புறப்படும் நண்பர்கள், இஞ்சின் ஆறியிருக்கும் காலையிலேயே நீரைப் பாருங்கள். வழியில் ஆவி எழுந்தால் உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறவாதீர்கள். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காதிருந்த நீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தைச் சுட்டுவிடும்.